திங்கட்கிழமை மூன்று மணி ஜீப்பு

அப்பு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. முந்தாநாள்தான் போனில் பேசினோம். உன் குரல் கட்டிப்போய்க் கிடந்தது, நீயும் தூங்கி நாளாகிறது என்று அதிலேயே தெரிந்தது. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் சரியாகக் கேட்டேனா என்று பார்த்துக்கொள். "மத்தியானச் சோத்துக்கு மேல ஒருத்தி கையும் ஓட மாட்டேங்குதும்மா. சொக்கிச் சொக்கி விழுறாளுக. சோம்பேறிக் கூட்டம். அதான் திங்கக்கெழமையில இருந்து ஜீப்ப ஒரு மணி நேரம் முன்னாடி கெளப்பச் சொல்லிட்டேன், மூணு மணிக்கு. வேலையும் ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சிரும்." அதோடு நீ நிறுத்தவில்லை. "செல்வியவே எடுத்துக்க. நேத்து அவ சாக்கக் கொட்டிப் பாத்தா பாதி பிஞ்சு. நம்ம தெருப் பிள்ளைன்னு எத்தனை நாளைக்குப் பாக்குறது? அடுத்த சுத்துக் காயெடுப்புக்கு அவ வேணாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்" என்றாய். நான் "சரி அப்பு, சாப்புட்டியா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வராத வாய் ஒரு போனில் எப்படி வரும்? அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை யாருக்கும் தெரியாமல் ஒட்டி அனுப்பப் போவதில்லை. சிலமலையில் ஜீப்பு ஏறுகிற பெண்கள் எல்லாரும் கேட்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இதில் அவர்களுக்கும் ஒரு கணக்குத் தீர வேண்டியிருக்கிறது.

நான் காயெடுத்த ஏலக்காய்த் தோட்டத்துக்கே நீ சூப்பர்வைசராக வந்தபோது, "ஆளுக முன்னாடி ஒன்னைய எப்படிம்மா வேல வாங்குறது, நின்னுக்க" என்றாய். நின்றுகொண்டேன். மூன்று மாதம் ஆகிறது. முதல் பத்து நாள் ராத்திரி இரண்டரைக்கு உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது. சோறு வடிக்க வேண்டாம், சோத்து வாளி கட்ட வேண்டாம், ஆனாலும் கை இருட்டில் தீப்பெட்டியைத் தேடியது. அப்புறம் மெதுவாக ஒரு நாள் நான்கு மணி, ஒரு நாள் ஐந்து மணி, கடைசியில் விடிந்து பால்காரன் சத்தம் போட்டு எழுப்புகிற அளவுக்குத் தூங்க ஆரம்பித்தேன். தூங்கத் தூங்கத்தான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவது நின்றுபோனது. ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது. பக்கத்து வீட்டுப் பேச்சி, போடியில் ஒரு ஏலக்காய்க் கடையிலிருந்து காய் வாங்கி வந்து வீட்டில் வைத்துத் தரம் பிரிப்பாள் அல்லவா, அவளுக்கு ஒத்தாசையாக உட்கார்ந்தேன். முன்பெல்லாம் நானும் அவளும் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து முடிக்கிற மூட்டையை இப்போது நான் ஒருத்தியாகச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறேன். வெடித்தது, வெளுத்தது, நல்லது என்று விரல் தானாகப் பார்க்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் என் கை வேகமாகியிருக்கிறது, அப்பு. இத்தனை வருஷமும் எனக்கு வயதாகிவிட்டது, சாமர்த்தியம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குத் தூக்கம்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. அது தெரிந்த அன்று உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழவில்லை, வயிற்றெரிச்சலில் அழுதேன்.

உன் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. கொய்யா மரத்திலிருந்து விழுந்தது என்று எல்லாரிடமும் சொல்வாய். உனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நீ மூன்றாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காயெடுப்பு இல்லாத நாள், நான் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். நீ தட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். எழுந்து வந்து அந்தக் கரண்டியைப் பிடுங்கி உன் மேல் வீசினேன். நீ அழக்கூட இல்லை, பயந்துபோய் என்னையே பார்த்தாய். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நான் முழுசாக விழித்தேன். உன் அப்பா அப்போது மலையிலேயே, காய் உலர்த்தும் ஸ்டோரில் தங்கி வேலை பார்த்தார், மாதத்துக்கு ஒரு தரம்தான் கீழே இறங்குவார். அவர் வந்து கேட்டால் கொய்யா மரம் என்று சொல்லு என்றேன். சொன்னாய். அவர் சாகிற வரை அதைத்தான் நம்பியிருந்தார். என் பிள்ளையை நான் அடிப்பேன் என்று எனக்கே தெரியாது. தூங்காத உடம்புக்குள் இருந்தது வேறு யாரோ ஒருத்தி மாதிரிதான் இருந்தது, ஆனால் கை என்னுடையது. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதற்கு யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

நீ மலையில் குவார்ட்டர்ஸிலேயே இருப்பதால் ஜீப்பின் சமாசாரம் உனக்குத் தெரியாது. பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை. டிரைவர் சீட்டுக்கு முதுகு கொடுத்த மாதிரி ஒரு மூலை இருக்கும். அதில் உட்கார்ந்தால் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம், போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கித் தோட்டம் சேருகிற வரை நிம்மதியாகத் தூங்கலாம். பலகையில் இடம் கிடைக்காதவர்கள் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்கு ஒரு முறை இருந்தது. இன்று மூலையில் உட்கார்ந்தவள் நாளைக்கு அடுத்த இடம், அதற்கு மறுநாள் அதற்கும் அடுத்த இடம், இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் பின்படிக்கு வந்துவிடுவாள், அங்கிருந்து மறுபடி மூலைக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் சண்டை போட்டதும் இல்லை. ஐந்தேகாலுக்கு ஜீப்பு கிளம்பும், நான்கு மணிக்கு எழுந்தால் போதும். அந்த முறையை உடைத்தவள் நான்.

உனக்கு அப்போது ஐந்து வயது. உனக்கு வாந்தியும் காய்ச்சலுமாக ஒரு வாரம் நான் தூங்கவில்லை. அன்று எனக்குப் பின்படி முறை. இரண்டு மணி நேரம் நின்றால் செத்துப்போவேன் என்று தோன்றியது. அரை மணி நேரம் முன்னாலேயே ரோட்டுக்குப் போய், டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ஏறி, என் சோத்து வாளியை மூலையில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். அன்று மூலை முறை பேச்சிக்கு. அவள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "என்னக்கா, இன்னைக்கு என் முறையில்ல?" நான் கண்ணைத் திறக்காமலே சொன்னேன். "முன்னால வந்தவளுக்கு முன் எடம். வெரசா வர வேண்டியதுதான." ஒரு நாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று ஜீப்பில் நன்றாகத் தூங்கியதால் சாயங்காலம் என் சாக்குக்கு எடை நன்றாக வந்தது. சம்பளத்துக்கு உண்டான எடையைத் தாண்டி எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் காசு இல்லையா, அந்த ருசி விடவில்லை. மறுநாளும் முன்னால் போனேன். மூன்றாம் நாள் எனக்கு முன்னால் இன்னொருத்தி வாளி இருந்தது. நான்காம் நாள் நான் இன்னும் கால் மணி நேரம் முன்னால் போனேன்.

இப்படித்தான் நடந்தது. ஜீப்பில் தூங்குவதற்கு ஒரு இடம் பிடிக்க, வீட்டில் தூங்குகிற தூக்கத்தை விட்டோம். ஒரு மாதத்துக்குள் தெருவே மூன்று மணிக்கு எழுந்தது. நாலு மணிக்கே அத்தனை பேரும் ரோட்டில் நிற்பதைப் பார்த்த டிரைவர், "அதான் எல்லாரும் வந்துட்டீகள்ல, ஏறுங்க" என்று நாலு மணிக்கே கிளப்பிவிட்டார். எங்களை இறக்கிவிட்டுக் கீழே வந்து ராசிங்காபுரத்து ஆட்களை இரண்டாவது லோடாக ஏற்றலாம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் அவரே நினைத்தாலும் ஐந்தேகாலுக்குத் திரும்ப முடியாது. நாங்கள் ஆறு மணிக்கே தோட்டத்துக்குப் போய், ஸ்டோர் வாசலில் படுதாவைப் போர்த்திக்கொண்டு பனியில் குத்தவைத்து ஏழரை மணி ஆகட்டும் என்று காத்திருப்போம். அந்த நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது, தூக்கமும் கிடையாது. எல்லாரும் சீக்கிரம் எழுந்த பிறகு யாருக்கும் லாபமில்லை. எல்லாருடைய எடையும் இறங்கியது. அப்போது இருந்த சூப்பர்வைசரும் உன்னை மாதிரியேதான் சொன்னார், பொம்பளைகளுக்குச் சோம்பல் ஏறிப்போச்சு என்று.

இதில் ஓட முடியாதவள் பேச்சி. கைக்குழந்தை செல்வி, படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார், இரண்டு பேருக்கும் பார்த்துவிட்டு அவள் ரோட்டுக்கு வரும்போது பின்படிதான் மிச்சம் இருக்கும். தினமும் பின்படி. எங்கள் செட்டிலேயே நல்ல கை அவளுக்குத்தான், அது உனக்குத் தெரியாது. செடிக்கு அடியில் உட்கார்ந்து காய்ச் சரத்தைத் தொட்டாள் என்றால், விளைந்த காய் மட்டும்தான் அவள் கையில் வரும். விளைந்த காய் லேசாக ஒதுக்கினாலே வந்துவிடும், பிஞ்சு பிடித்துக்கொள்ளும். அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரிய வேண்டும், அந்த விரலுக்கு முழிப்பு வேண்டும். தூக்கம் சொக்குகிறவள் பிஞ்சையும் சேர்த்துத் திருகிப் பிடுங்குவாள். பிடுங்குகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. நான்கு மாதத்தில் பேச்சி சாக்கில் பிஞ்சு வர ஆரம்பித்தது. எல்லாருக்கும் முன்னால் கொட்டிக் காட்டினார்கள். கூலியில் பிடித்தார்கள். பிடித்த காசை ஈடுகட்ட அவள் போடியிலிருந்து காய் வாங்கிவந்து ராத்திரி வீட்டில் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். அதில் இன்னும் இரண்டு மணி நேரத் தூக்கம் போனது. மறுநாள் இன்னும் கொஞ்சம் பிஞ்சு, இன்னும் கொஞ்சம் பிடித்தம். நான் பக்கத்து வீட்டிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய்ச்சொல் போதும், அக்கா தங்கச்சிகளா பழையபடி முறை வச்சுக்குவோம் என்று. நான் சொல்லவில்லை. சொன்னால் மூலை போய்விடும்.

அவள் ஜீப்பிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும். "தூக்கக் கலக்கத்துல கைய விட்டுட்டா" என்று டிரைவர் சொன்னார், ஊரும் அதையே சொன்னது, கவனமில்லாதவள் என்று ஒரு பேரும் வைத்தது. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வளைவில் அவள் விழுந்து, ஜீப்பு நின்று, பெண்கள் எல்லாரும் கத்தி இறங்கியபோது நான் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தேன். என்னை உலுக்கி எழுப்பினார்கள். நான் இறங்கிப் போனபோது அவள் ரோட்டோரம் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்த வலியிலும் என்னைப் பார்த்து, "அக்கா, செல்விக்குப் பாலு குடுத்துட்டேன், அழ மாட்டா" என்றாள். கீழே போகிற ஒரு வண்டியில் ஏற்றிவிட்டு, கூட ஒரு பெண்ணையும் அனுப்பிவிட்டு, மற்ற எல்லாரும் வேலைக்குப் போனோம். நானும் போனேன். அன்று எனக்கு நல்ல எடை, அப்பு. கூடுதல் காசும் வாங்கினேன். உனக்கு ஸ்கூல் பை வாங்கியது அந்த வாரம்தான். அந்தக் கை சரியாகக் கூடவில்லை, இன்றைக்கும் அவளால் விரலை மடக்க முடியாது. மலையிலேயே நல்ல கை அது. இப்போது இடது கையால் காய் பொறுக்குகிறாள்.

நேற்று பெண்களை உட்கார வைத்து இதை இதுவரைக்கும் வாசித்தேன். பேச்சியும் இருந்தாள். முடித்ததும் பேச்சிதான் சொன்னாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. நீ தூங்கிட்டுதான் இருந்த. ஒம் மேல கோவம் இருந்துச்சு, ரொம்ப நாளு இருந்துச்சு. ஆனா நானும் அந்த மூலையில இருந்திருந்தா தூங்கித்தான் இருப்பேன்." அதைக் கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். செல்வி மட்டும் பயந்துபோய், "அத்த, இத அனுப்பாதீங்க. அவரு பேர அடிச்சுட்டார்னா நான் எங்க போவேன்? எடுத்துவச்ச அரிசி பத்து நாளைக்குத்தான் வரும்" என்றாள். அவள் பிள்ளைக்கு எட்டு மாதம். பல் முளைக்கிற நேரம், ராத்திரி முழுக்க அழுகை. அவள் இரண்டரைக்கு எழுந்து உன் தோட்டத்துக்கு வருகிறாள். நீ மூன்று மணிக்கு ஜீப்பு வைத்தால் ஒன்றரைக்கு எழ வேண்டும். அவள் படுப்பதே பதினொன்றரைக்கு. இரண்டு மணி நேரம் தூங்கிய கை விளைந்த காயையும் பிஞ்சையும் எப்படிப் பிரித்துப் பார்க்கும் என்று நீயே சொல்லு. நீ டிப்ளமோ படித்தவன், மண்ணைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் உனக்குத் தெரியும். இது காய் எடுத்தவளுக்குத் தெரிந்த விஷயம்.

உன் நிலைமையும் எனக்குப் புரியாமல் இல்லை. உனக்கு மேலே முதலாளி, பத்து மணிக்குப் போன் போட்டு இன்றைக்கு எத்தனை கிலோ என்று கேட்கிறார். ஏலத்தில் விலை ஏறினாலும் அவருக்கு அவசரம், இறங்கினாலும் அவசரம். எடை குறைந்தால் உன் தலைதான் உருளும். ஆனால் நீ செய்யப்போவது அந்த எடையை இன்னும் குறைக்கும் வேலை. தூங்காதவளுக்கு இன்னொரு மணி நேரம் வேலை கொடுத்தால் பிஞ்சுதான் இன்னொரு மணி நேரத்துக்குச் சேரும். உலர்த்தினால் அது சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும், செடியில் விட்டிருந்தால் அடுத்த சுற்றுக்கு நல்ல காய். முதலாளியிடம் தூக்கம் என்று சொல்லாதே, சிரிப்பார். பிஞ்சு என்று சொல்லு, அது அவருக்குப் புரியும். ஜீப்பு ஐந்து மணிக்குக் கிளம்பட்டும். டிரைவருக்கு இரண்டாவது லோடு வேண்டுமென்றால் அவர் இன்னொரு வண்டியைப் பார்த்துக்கொள்ளட்டும். மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் மரத்தடியில் தலையைச் சாய்க்கவிடு, அதட்டாதே. ஒரே ஒரு சுற்று இப்படிச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் சாக்கைக் கொட்டிப் பார். பலகையில் யார் எங்கே உட்காருவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பழையபடி முறை வைப்பது என்று நேற்றே பேசி முடித்துவிட்டோம். முதல் நாள் பின்படி எனக்கு.

ஆமாம், எனக்குத்தான். நீ உத்தரவை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் திங்கட்கிழமை செல்விக்குப் பதிலாக நான் வருகிறேன். அடுத்த சுற்று முடிகிற வரைக்கும் அவள் பேரில் நான் எடுப்பேன், கூலி அவளுக்கு. அவளும் பிள்ளையும் வீட்டில் தூங்கட்டும். ஆட்கள் முன்னால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். என்னைத் தெரியாத மாதிரி நடந்துகொள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஐந்து மணி ஜீப்பென்றால் தூங்கி எழுந்து வருவேன், மூன்று மணி ஜீப்பென்றால் தூங்காமல் வருவேன். சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் எல்லாரையும் போல வரிசையில் நிற்பேன். அம்மா என்று கால் கிலோகூடக் கூட்டிப் போடாதே. என் சாக்கையும் எல்லாருக்கும் முன்னால் கொட்டு. பிஞ்சு இருந்தால் கையில் எடுத்து உயர்த்திக் காட்டு. ஏன் இப்படி என்று சத்தமாக, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேள். நான் பதில் சொல்கிறேன்.

உன் அம்மா